சிமெண்டுக்குப் பனி

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சிமெண்ட் லாரி ஒன்று தார்ப்பாய் படபடக்க வந்தால், இன்றைக்கும் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டுப் பார்ப்பேன். கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பழைய ஆலையில் பன்னிரண்டு வருசம் கேட் பாஸ் எழுதியவன் நான். சங்கு ஊதும் சத்தமும், புளிய மரங்களே நரைத்து நிற்கும் அந்த ரோடும் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. சட்டையில் தூசி படாமல் சிமெண்ட் கம்பெனியில் பிழைத்த ஒரே ஆள் என்று பேக்கிங் ஃபோர்மேன் என்னைக் கேலி செய்வார். ஆனால் எங்கள் ஊர் கருங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் சிமெண்ட் நிபுணன். யார் வீடு கட்டினாலும் யோசனை சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

சொந்த வீட்டுக்குத் தளம் வார்க்கும்போது நிபுணன் சும்மா இருப்பானா? கடையில் வாங்காமல் ஆலையிலிருந்தே நேராக லோடு வரவழைத்தேன். காலையில் லாரி வந்துவிட்டது. கம்பி கட்டியாயிற்று, கலவை மிஷின் ஓடுகிறது, ஆட்கள் சட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். கொத்தனார் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார்.

"என்னல இது? நல்ல சிமெண்டுன்னா கை குளிரணும். இதுக்குப் பனியில்லா பிடிச்சிருக்கு! இத வச்சு நான் வார்க்க மாட்டேன்."

எங்கள் பக்கம் காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பெயர். ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, சிமெண்டுக்குப் பனி பிடிச்சிட்டு!"

அவர் திருநெல்வேலிக்காரர். "பனியா? தார்ப்பாய் மூடலியாவே? நனைஞ்ச சிமெண்டுல தளம் நிக்காது. ஆளுகள அனுப்பிரும்!"

போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினேன்: "எல்லாரும் வீட்டுக்குப் போங்க! சிமெண்டு செத்துப் போச்சு!"

சட்டி வைத்திருந்த அக்கா ஒருத்தி, "அப்போ அடக்கம் எத்தன மணிக்கு?" என்றாள்.

"அண்ணாச்சி, தொட்டா கொதிக்கு!" என்று புலம்பினேன்.

"கொதிக்கா? பனின்னு சொன்னீரு?"

"எங்க பக்கம் பனின்னா காய்ச்சல் அண்ணாச்சி!"

ஒரு நிமிசம் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் மட்டும்தான். "மில்லுல அரைச்சது நேரா வந்தா சூடாத்தான்வே இருக்கும். கடையில கெடந்து ஆறினதத்தான் உங்க கொத்தனார் இதுவரைக்கும் தொட்டுருக்காரு. ஒண்ணும் ஆகாது. ஆற விட்டு வார்த்தாப் போதும்."

கொத்தனார் அரைமனதாகச் சம்மதித்தார். மூட்டைகளைத் தென்னை நிழலில் தனித்தனியாகப் பரப்பினோம். பொறுமை இல்லாமல் நான் பாக்குமட்டை விசிறியோடு ஒவ்வொரு மூட்டையாக வீசிக்கொண்டு போனேன்.

"மக்கா, கஞ்சியும் குடுக்கட்டா?" என்றாள் அதே அக்கா.

மத்தியானம் தொடங்கி இருட்டும் முன்னே வார்த்து முடித்தோம்.

மூன்று வாரம் கழித்து, தளத்தைத் தாங்கிய முட்டுக்கம்புகளைப் பிரித்த அன்று, நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். கொத்தனார் தளத்துக்கு நேர் கீழே நின்று கடைசி முட்டுக்கம்பைத் தட்டிவிட்டார். ஒன்றும் விழவில்லை.

"ஏலே, ரோட்டுலயா குடியிருக்கப் போற? உள்ள வா."

செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் கொஞ்சம் குனிந்தபடியே உள்ளே போனேன்.