மங்கை அண்ணியும் பட்டாணியின் கூண்டும்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கைபேசி அடித்தபோது நான் நாய்க்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் சோறு என்பதால் என் கணவர்தான் எடுத்தார். சிதம்பரத்தில் அண்ணி வேலை பார்த்த இரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து சுமதி என்கிற பெண் பேசினார். "அக்காதான் தெனம் ஆறு மணிக்கு லேப் தொறப்பாங்க. இன்னைக்கி தொறக்கல. போன் எடுக்கல. வூட்டுக்கு வந்து பாத்தோம்…" அவர் சொல்லச் சொல்ல என் கணவர் சமையலறைச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சேலை கட்டி, தலை வாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே மங்கை அண்ணி போய்விட்டிருந்தார். நாற்பத்தாறு வயது.

மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். என் கணவரின் அக்கா. மணம் செய்துகொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிதம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். கருமாதிப் பத்திரிகையில் 'அமைதியே உருவானவர்' என்று அச்சிட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, அப்புறம்தான் அழுகை. அமைதியா? ஒரு வாய் காபி குடிப்பதற்குள் மூன்று கேள்வி கேட்கிறவர் அவர். எல்லாரும் எழுதி, பேசி, ஓய்ந்த பிறகு நான் தாமதமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்விகளில் சிலதாவது அவரை அறியாதவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று ஆசை.

கல்யாணமாகிக் கடலூர் வீட்டுக்கு நான் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நாத்தனார் என்ன கேட்பாரோ என்று முந்தின நாளே பதில்களை யோசித்து வைத்திருந்தேன். நகையைப் பற்றிக் கேட்கவில்லை, சமையலைப் பற்றிக் கேட்கவில்லை. வாசலில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீ ஏன் எப்பவும் எடது கால் செருப்பதான் மொதல்ல போடற?" என்றார். குற்றம் கண்டுபிடிக்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவருக்கு உண்மையிலேயே அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

என் மகள் யாழினி குறைமாதத்தில் பிறந்தாள். பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அப்போது திருவந்திபுரம் பெருமாளை நினைத்து ஒரு வேண்டுதல் வைத்தேன்: புள்ள பொழைச்சு வந்தா, இனிமே புரட்டாசி மாசம் முழுக்க எங்க வூட்டுக்குள்ள கவுச்சி வராது. அவள் பிழைத்து வந்தாள். நான்தான் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை. அவள் தும்மினால் நான் தெர்மாமீட்டரைத் தேடி ஓடுவேன்.

அவளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது என் கணவர் நண்பர் வீட்டிலிருந்து ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வறுத்த பட்டாணி நிறத்தில் இருந்ததால் பட்டாணி. கூடவே வீடியோ பார்த்து ஒரு கம்பிக் கூண்டும் வரவழைத்தார். கூண்டில் பழக்கினால் குட்டி அதைத் தன் அறையாக நினைத்துக்கொள்ளுமாம், படுக்கிற இடத்தை அசிங்கம் செய்யாதாம், வெளியே போகக் கேட்கப் பழகுமாம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, "ஏம்மா கீதா, கோழி வளக்கப் போறீங்களா?" என்றார்.

எங்கள் குட்டி வீடியோ பார்க்காத குட்டி. கூண்டுக்குள்ளேயே வெளிக்குப் போனது. கழுவித் துடைத்தால் அரை மணியில் மறுபடியும், அதுவும் தண்ணீராக. தரையில் தவழ்கிற குழந்தை எதை எடுத்தாலும் வாயில் வைக்கிறது. பத்தாவது நாள் நான் அழுதுகொண்டே, இது திருந்தாது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற ஒருவர் காவலுக்குக் குட்டி தேடுவதாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு வந்து எடுத்துப் போவதாகச் சொன்னார். என் கணவர் அக்காவுக்கு மட்டும் போன் போட்டார்.

அன்று ஞாயிறு. மத்தியானத்துக்குள் அண்ணி பஸ் பிடித்து வந்துவிட்டார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"அத கொஞ்சம் அந்தப் பக்கம் புடி."

"பயமா அண்ணி?"

"பயம்லாம் இல்ல. பழக்கம் இல்ல."

நாயைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதை இங்கே எழுதியாக வேண்டும். பிற்பாடு உறவில் பலர் அவரை நாய் வளர்ப்பில் கைதேர்ந்தவராக நினைத்துக்கொண்டார்கள். தெரியாததால்தான் கேட்டார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை நிமிடம் கழித்துப் போனது, கத்துவதற்கு முன்னால் சுற்றுகிறதா, கத்திவிட்டுச் சுற்றுகிறதா.

"அக்கா, நாய விசாரணை பண்றதுக்கா இவ்ளோ தூரம் வந்த?" என்றார் என் கணவர்.

"நாய இல்லடா. ஒம் பொண்டாட்டிய."

கூண்டு பெரிதாக இருப்பதால்தான் ஒரு மூலையில் படுத்து இன்னொரு மூலையில் போகிறது என்று அண்ணி கண்டுபிடித்தார். அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தடுப்பு வைத்தோம். ஒரு மணி நேரத்தில் பட்டாணி தடுப்பைத் தின்றுவிட்டது. "சரி, தப்பு என்னுது," என்று சந்தோஷமாகச் சொன்னார். தப்பானதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கிளம்பும்போது கைப்பையிலிருந்து மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை எடுத்தார். அவருடைய லேபில் மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே டப்பா.

"இதுல கொஞ்சம் எடுத்துக் குடு. பூச்சி முட்டை இருக்குதான்னு பாத்துட்டு சொல்றேன்."

"பஸ்ஸுலயா எடுத்துட்டுப் போவீங்க?"

"பின்ன, அதுக்குத் தனியா டிக்கெட்டா எடுக்கப் போறேன்?"

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை அந்த டப்பா, சாப்பாட்டுப் பைக்குள், இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போனது. என்னிடம் ஒரே ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். "அந்தாளு வர்றதுக்கு ஒரு வாரம் இருக்குதில்ல? மூணு நாளைக்கு நீ எதையும் மாத்தாத. எப்பவும் செய்றத செய். ஆனா எழுதி வெய்யி. எப்ப கத்துச்சு, நீ என்னா பண்ண, எப்ப போச்சு."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நுண்ணோக்கியில் தானே பார்த்துவிட்டுப் போன் செய்தார். முட்டை இல்லை. புதன்கிழமை நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"பாலு எத்தன தடவ குடுத்திருக்க, எண்ணு."

ஒன்பது. ஒரே நாளில் ஒன்பது தடவை பசும்பால், நடுவில் தயிர்ச்சோறு. குட்டி கத்தும்போதெல்லாம் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டார். எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பிறகு சொன்னேன்: அது கத்தினால் எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிடுகிறது அண்ணி. கை தானாகப் பால் பாத்திரத்துக்குப் போய்விடுகிறது.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், இல்லை முகம் சுளித்திருப்பார்கள். அண்ணியின் குரல் நிமிர்ந்தது. "நெசமாவா? எல்லா சத்தத்துக்குமா, இல்ல அந்த இழுத்து அழுவுற சத்தத்துக்கு மட்டுமா?" யோசித்துப் பார்த்தேன். இழுத்து அழுகிற சத்தத்துக்கு மட்டும்தான். "அப்ப ஒடம்பு ரெண்டு புள்ளன்னு நெனைச்சிக்கிட்டு இருக்குது," என்றார். "அது மேல தப்பு இல்ல. ஆனா அந்தப் புள்ளைக்கி ஒத்துக்கல போலிருக்குதே."

அன்று சாயங்காலமே என் கணவர் குட்டியைக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போனார். டாக்டர் நான் எழுதிய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பாலை அடியோடு நிறுத்துங்கள் என்றார். ஒரு நாளைக்கு நாலு தடவை, நேரம் தவறாமல், வேகவைத்த கோழியும் குழைந்த சோறும், உப்பு மசாலா கூடாது. சாப்பிட்டதும் வெளியே விட்டுவிட்டு, அப்புறம் கூண்டு.

கோழியா? புரட்டாசி இரண்டாவது வாரம் அப்போது. நான் முடியாது என்றேன். பெருமாளிடம் வாயைவிட்டுச் சொன்ன வாக்கு. நாய்க்காக அதை மீறி, குழந்தைக்கு ஏதாவது என்றால்? என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப குறிஞ்சிப்பாடிக்காரருக்கே குடுத்துடலாம்," என்று வெளியே போய்விட்டார். நான் அண்ணிக்குப் போன் செய்தேன். மூடநம்பிக்கை என்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். லேபில் வேலை பார்க்கிறவர் இல்லையா.

"வேண்டிக்கிட்டப்ப என்னா சொன்ன? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

சொன்னேன்.

"வூட்டுக்குள்ள வராதுன்ன. சரி, வர வேணாம்," என்றார். "நீ அன்னைக்கி எப்படி நின்னன்னு பக்கத்துலேர்ந்து பாத்தவ நான். அந்த வாக்க நீ ஒடைக்கக் கூடாது. ஒடைச்சன்னா ஒனக்குத் தூக்கம் வராது, ஒம் பயம் குட்டி மேல விழும். கூண்டு வூட்டுக்குள்ளதான் இருக்கணும்னு எவன் சொன்னான்?"

வியாழக்கிழமை கூண்டு வீட்டுக்கு வெளியே கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்கடியில் போய் உட்கார்ந்தது. கோழி ஸ்டெல்லா அக்கா வீட்டு அடுப்பில் வெந்தது. வேளைக்கு வேளை மதில்மேல் ஓர் அலுமினியக் கிண்ணம் வந்தது. "ஒங்க நாயி எங்க வூட்டுச் சாப்பாடு, ஒங்க வூட்டுத் தூக்கம்," என்பார் அக்கா. "எம் புருஷனுக்குக்கூட இப்படி நேரத்துக்கு குடுத்ததில்ல." கிண்ணத்தைக் கூண்டின் கடைசியில் வைத்துக் கதவைத் திறந்தே விட்டேன். தானாக உள்ளே போனது. சாப்பிட்டு வந்ததும் தோட்டத்தில் விட்டு, பிறகு கூண்டில் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தினேன். கத்தியது. சட்டை நனைந்தது. நான் பாலை எடுக்காமல் தாளை எடுத்து எழுதினேன்: நான்கு நிமிடம். அடுத்த வேளை மூன்று. வெள்ளிக்கிழமை மலம் கெட்டியானது. சனிக்கிழமை முழுக்கக் கூண்டு சுத்தமாக இருந்தது.

ஞாயிறு குறிஞ்சிப்பாடிக்காரர் பைக்கில் வந்தார். அண்ணியும் வந்திருந்தார், நாற்காலியில், கால் மேலே. கூண்டில் தூங்குகிற குட்டியைப் பார்த்துத் தோப்புக்காரர், "பரவாயில்லியே, சொன்ன எடத்துல கெடக்குது," என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதும் பயம் போகவில்லை. அண்ணி, வைத்துக்கொள் என்று சொல்லவில்லை. "கீதா, இப்ப எது ஒனக்கு பயம்? இதோ இதுவா?" என்று கூண்டைக் காட்டிக் கேட்டார். நான் நன்றாகப் பார்த்தேன். வயிறு ஏறி இறங்கிக்கொண்டு தூங்குகிற ஒரு சின்ன நாய். என் பயம் அதைவிட ரொம்பப் பெரியது, ரொம்பப் பழையது. அதற்கு இந்தக் குட்டி பொறுப்பில்லை.

"இல்லண்ணே, குடுக்கல," என்றேன்.

"இத போன்லயே சொல்லியிருக்கலாமே," என்று முணுமுணுத்தபடி டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு இந்த இரண்டு வருடத்தில் அண்ணி வராத ஞாயிறு குறைவு. புரட்டாசி முடிந்து கூண்டு கூடத்துக்கு வந்தது. கூண்டுக்குள் இருக்கும்போது நாயை யாரும் தொடுவதில்லை என்பதை யாழினி பேசுவதற்கு முன்பே கற்றுக்கொண்டாள். அண்ணியின் கால் மெல்ல மெல்லத் தரைக்கு வந்தது. நேராகக் கண்ணைப் பார்த்தால் பட்டாணி ஏன் தலையைத் திருப்பிக்கொள்கிறது? நாம் பக்கவாட்டில் நின்றால் மட்டும் ஏன் கிட்டே வருகிறது? படுப்பதற்கு முன் எதற்கு அத்தனை சுற்று? சிலதற்கு விடை கண்டுபிடித்தோம். பலதற்கு, "தெரியல," என்பார், ஏதோ பரிசு கிடைத்த மாதிரி. கடைசியாக வந்த ஞாயிறு பட்டாணி அவர் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்தது. அண்ணி அசையவே இல்லை. "ஏய், எவ்ளோ சூடா இருக்குது பாரு," என்று மட்டும் கிசுகிசுத்தார்.

எங்களுக்காகத்தான் வந்துகொண்டிருந்தார் என்று நினைத்திருந்தேன். அண்ணியின் சிதம்பரம் வீட்டில் கருமாதி முடிந்த மத்தியானம், அவரிடம் இருந்த லேப் சாவியைக் கொடுக்க யாழினியோடு போனேன். சுமதிதான் கேட்டார்: "நீங்கதான் பட்டாணி அம்மாவா? அக்கா வூட்டுலேர்ந்து இங்க வர அஞ்சு நிமிஷம்தாங்க. ஆனா அந்தத் தெருவுல நாலஞ்சு நாய் படுத்திருக்கும். விடியகாலைல அந்தப் பக்கம் வர பயந்துக்கிட்டு வருஷக்கணக்கா மூணு தெரு சுத்தித்தான் வருவாங்க. ஒரு வருஷமாத்தான் நேர் வழில வந்தாங்க. எப்படிக்கா தைரியம் வந்துச்சின்னு கேட்டேன். 'எந்தம்பி வூட்டுல ஒண்ணு இருக்குது, வாராவாரம் அதுக்கிட்ட படிக்கிறேன்'னாங்க."

அந்த ஞாயிறு நான் குட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தால், அண்ணி கடைசி நாள் வரை மூன்று தெரு சுற்றித்தான் நடந்திருப்பார். அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. கேள்விகள் எல்லாம் எங்களுக்கு, இந்த ஒரு பதில் மட்டும் அவருக்கு.

திரும்பும்போது நேர்த்தெருவிலேயே நடந்தேன். யாழினியைத் தூக்கிக்கொள்ளலாம் என்று கை போனது. தூக்கவில்லை. வேப்பமர நிழலில் ஐந்து நாய்கள் படுத்திருந்தன. ஒன்று எழுந்தது. நின்றோம். கண்ணைப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டோம். அது ஓரமாக ஒதுங்கி, நாங்கள் வந்த திசையை நெடுநேரம் பார்த்தது.

"அம்மா, அது யாரத் தேடுது?" என்றாள் யாழினி.

"தெரியலம்மா," என்றேன்.

போய் வாருங்கள், அண்ணி. தெருவில் அவர்கள் ஐந்து பேரும் வழி விட்டிருக்கிறார்கள்.