மரத்தில் கை வைத்தவர்

தாம்பரத்திலிருந்து வேன் பிடித்து ஏற்காட்டுக்கு மரங்கொத்தி பார்க்கப் போன குழுவில் அவரும் இருந்தார். பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. திருமுடிவாக்கத்தில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர் என்று மட்டும் தெரியும். குள்ளமான உருவம், அகலமான உள்ளங்கைகள். எங்கள் கழுத்திலெல்லாம் கேமராவோ பைனாகுலரோ தொங்கின. அவர் கழுத்தில் ஒரு துண்டு.

காட்டுப் பாதையில் ‘டக் டக்’ என்று கேட்டால் நாங்கள் சத்தம் வரும் பக்கம் திரும்புவோம். அவரோ பக்கத்து மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருவார். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் முறைத்ததை அவர் கவனித்துவிட்டார்.

“எனக்கு ஒரு காது சுத்தமா கேக்காது சார். சத்தம் வருது, எந்தப் பக்கம்னு தெரியல. கம்பெனில மெஷின் சரியா ஓடுதான்னும் கைய வெச்சுதான் பாப்பேன்.”

சற்றுத் தள்ளி, பட்டுப்போன ஒரு மரத்தில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். “இங்க கீது சார்,” என்றார் மெதுவாக.

மரத்தின் மறுபக்கத்தில், எங்கள் தலைக்குச் சற்று மேலே, மரங்கொத்தி கொத்திக்கொண்டிருந்தது. நாங்கள் படமாக எடுத்துத் தள்ளினோம். அவர் கையை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“இந்தப் பக்கம் வந்து பாருங்க சார், பறந்துடப் போகுது,” என்றேன்.

“பாத்துக்கினுதானே கீறேன்.”

இரும்புலியூரில் என் வீட்டு ஹாலில் அந்த மரங்கொத்தியின் படத்தை மாட்டியிருக்கிறேன். நல்ல படம்தான். ஆனால் அன்று அந்த மரத்தில் நானும் ஏன் ஒருமுறை கை வைத்துப் பார்க்கவில்லை?