பிரேமலதா டீச்சரின் தபால்தலை ஆட்டம்

வண்ணார்பேட்டையில் பிரேமலதா டீச்சரைக் கண்டாலே சில கடைக்காரர்கள் பழைய தபால் உறைகளை எடுத்து நீட்டிவிடுவார்கள். தபால்தலை ஒட்டிய உறை இப்போதெல்லாம் லேசில் கிடைப்பதில்லை; எதைப் பார்த்தாலும் பார்கோடு அச்சடித்த சீட்டுதான். டீச்சரும் விடுவதாயில்லை. காலைப் பேருந்தில் நாங்குநேரி பக்கத்துச் சின்னத் தொடக்கப்பள்ளிக்கு அந்த உறைகளும் கூடவே போகும்.

அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உறையின் மூலையைக் கிழித்து, தாம்பாளத் தண்ணீரில் ஊறப்போட்டு, தபால்தலையைப் பையக் கழற்றுவார்கள். அது காயும்வரை மின்விசிறிக்கு விடுமுறை. காய்ந்ததைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டினால் ஆட்டச்சீட்டு தயார். பறவை, ரயில், கோட்டை, கப்பல் என்று ஒரு நாட்டையே டீச்சர் பிஸ்கட் டப்பாவுக்குள் அடைத்து வைத்திருந்தார்.

இந்த வருஷம் அவர் யோசித்துச் செய்த புது ஆட்டம் கெசியா ஒருத்திக்காக. கடலோர உவரியிலிருந்து குடிவந்த பிள்ளை. முதல் நாள் அவள் பேச்சின் இழுவையைக் கேட்டு வகுப்பு சிரித்துவிட்டது. அன்றைக்கு மூடிய வாய்தான். வீட்டில் சரியான வாயாடி என்று அவள் அம்மா சத்தியம் செய்தாள். தலைமையாசிரியை சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"காலாண்டு வரைக்கும் பாப்போம் டீச்சர். அப்பவும் வாயத் திறக்கலன்னா, பேச்சு வராத பிள்ளைன்னு எழுதி வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிர வேண்டியதுதான்."

அந்தப் பேச்சு பிரேமலதாவின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆட்டம் இதுதான்: ஒருவர் சீட்டை நெஞ்சோடு மறைத்துப் பிடிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்டுப் படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சீட்டுக்காரர் ஆமாம், இல்லை என்று தலையாட்டினால் போதும். பேசாமலே கெசியா கலந்துகொள்ளட்டும் என்பது டீச்சரின் கணக்கு. பிள்ளைகளும் பெரிய மனசு பண்ணி, ஒவ்வொரு தடவையும் சீட்டை அவளிடமே கொடுத்தார்கள். அவளும் ஆட்டினாள், ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். பேச வேண்டிய தேவையே அவளுக்கு இல்லாமல் போயிற்று. நானே இவள் வாயைத் தைத்துவிட்டேனே என்று டீச்சர் நொந்துகொண்டார்.

காலாண்டுக்கு முந்தின வாரம் ஒரு மதியம். பறக்குமா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினாள். நீந்துமா? இல்லை. ஓடுமா? அதற்கும் இல்லை. வகுப்பே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. பொறுமை போன இசக்கியம்மா எட்டிச் சீட்டைப் பறித்தாள். அதில் ரயில்.

"டீச்சர், இவ கள்ளாட்டம் ஆடுதா," என்று கத்தினாள்.

"நான் ஒண்ணும் ஆடல," என்றாள் கெசியா. "படத்துல நிக்கத்தான செய்யுது? நிக்குத ரயிலு எப்படிட்டீ ஓடும்?"

அவள் இழுவையை ஒருவரும் கவனிக்கவில்லை. சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பி நின்று, சுத்தமாயிருந்த கரும்பலகையை ஒரு தடவை துடைத்தார். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"கள்ளாட்டம் ஆடுனா என்ன தண்டனை?"

"ஒரு ஆட்டம் வெளிய," என்றது வகுப்பு.

"உனக்கும் அதான் கெசியா. போய்ச் சன்னல் பக்கம் உக்காரு."

கெசியா போய் உட்கார்ந்தாள். அடுத்த ஆட்டம் முடியும்வரை, டீச்சர் ஓரவஞ்சனை பண்ணுதாங்க என்று அங்கிருந்தே வாய் ஓயாமல் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.