இஸ்திரிப் பெட்டிக்கு ஓட்டுக் கேட்டபோது

தேர்தல் வண்டியில் மைக் பிடிப்பவர்களுக்கு முதல் நாள் தொண்டை போகும், இரண்டாம் நாள் மானம் போகும். அதற்குமேல் போவதற்கு ஒன்றும் இல்லாததால் வேலை சுலபமாகிவிடும். சித்திரை வெயிலில் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து "வாக்காளப் பெருமக்களே" என்று கத்திய என் சக பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்குத் தெரியாததா!

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை போய் நான் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் பைபிள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு ஏகாம்பரம் அண்ணன் வேலைக்குக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் சாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். எம்.பி. தேர்தலுக்குச் சுயேச்சையாக மனு போட்டிருந்தார். "ஏன் அண்ணே இந்த வேலை?" என்று கேட்டேன். "எல்லா கட்சிக்காரனும் என் நாற்காலிலதான் குந்துறான். நான் ஒரு தபா நின்னா இன்னா, ஸ்டெல்லா?" என்றார்.

சின்னம் செய்த வேலை

அண்ணனுக்குக் கிடைத்த சின்னம் இஸ்திரிப் பெட்டி. தெர்மாகோலில் பெரிதாக ஒன்று செய்து, வெள்ளி பெயின்ட் அடித்து, ஆட்டோவின் தலைமேல் கட்டினோம். ஓட்டியது முனுசாமி அண்ணன். கடம்பத்தூரில் ஒரு தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "உங்கள் வீடு தேடி வருகிறது இஸ்திரிப் பெட்டி!" என்று ஆரம்பித்தேன்.

எதிர்வீட்டிலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் கை நிறையச் சட்டையும் பேன்ட்டுமாக ஓடிவந்து என் மடியில் வைத்தார். ஆபீசுக்கு ரயிலைப் பிடிக்கணும், சீக்கிரம் என்றார். இது ஓட்டு கேட்கிற வண்டி சார் என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் மேலே கட்டியிருந்ததைப் பார்த்தார், மடியிலிருந்த துணியைப் பார்த்தார். எதையும் திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை.

"சரிமா, நீ எனுக்கு இத்தப் போட்டுக் குடு, நான் உனுக்கு அத்தப் போடுறேன்."

மீஞ்சூர் கேட்

மீஞ்சூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நாங்கள் போய் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு வேட்பாளரின் பிரச்சார ஆட்டோ. அதில் மைக் பிடித்திருந்த தம்பி என்னைப் பார்த்ததும் சவுண்டைக் கூட்டினான். நானும் கூட்டினேன். அவன் குடிநீர் என்றால் நான் சாலை என்றேன். அவன் சாலைக்கு வந்தபோது நான் கல்லூரிக்குப் போய்விட்டேன். நடுவில் கூட்ஸ் வண்டி ஒன்று, முடிவே இல்லாமல், நகர்ந்துகொண்டே இருந்தது.

தம்பிக்குத் திடீரென்று தொண்டை அடைத்துக்கொண்டது. மைக்கிலேயே இருமினான். பாவமாக இருந்தது, என் பிளாஸ்கிலிருந்து மிளகு போட்ட வெந்நீரை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மைக்கும் ஓய்ந்த அந்த அமைதியில், பைக்கில் மீன்கூடையோடு வியர்த்து நின்றிருந்த ஒரு அம்மா எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார்:

"ரோடு, காலேஜு எல்லாம் அப்பால பாத்துக்கலாம். இந்தக் கேட்ட எவன் தொறக்கிறானோ, இங்க நிக்கிற அத்தினி ஓட்டும் அவனுக்குத்தான்!"

கைதட்டிய கூட்டம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிகிற நேரம். ஒரு கம்பெனி வாசலில் இளைஞர்கள் சாரிசாரியாக வந்தார்கள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் நின்றார்கள், சிரித்தார்கள், செல்பி எடுத்தார்கள். அதுவரை நாய்களைத் தவிர யாரும் எங்களைத் துரத்தி வந்ததில்லை. கூடவே வந்த ஏகாம்பரம் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை என்னிடமிருந்து பிடுங்கி, கான்ட்ராக்ட் வேலையை நிரந்தரமாக்கணும் என்று நெஞ்சு விம்மப் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டல். வேலை போன கடுப்பில் நானும் சேர்ந்து தட்டினேன்.

பேச்சு முடிந்ததும் கேட் செக்யூரிட்டி மெதுவாக என்னிடம் வந்து, "இவங்க எல்லாம் ஒடிசா, பீகாருமா. தமிழும் தெரியாது, இங்க ஓட்டும் கெடையாது" என்றார். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துப் போய், கடைசியில் சொல்லியும்விட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போவட்டும் ஸ்டெல்லா. ஓட்டு இருக்கிறவன் எவன் இப்டி நின்னு கேட்டான்?"

நெல்லும் நண்டும்

பேசவேண்டியதை அண்ணன் இரண்டு தாளில் எழுதித் தந்திருந்தார். ஒன்று வயல்காட்டு ஊர்களுக்கு, இன்னொன்று மீனவர்களுக்கு. பழவேற்காட்டில் இறங்கியதும், கடல்காற்றில் எது பறந்தது, எது கையில் நின்றது என்று பார்க்காமல் முழங்கிவிட்டேன்: "உங்கள் நெல்லுக்கு நல்ல விலை! கடைமடை வரை தண்ணீர்!"

நண்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு அக்கா தராசைக் கீழே வைத்தார். "எங்களுக்குத் தண்ணிக்கா பஞ்சம்? முகத்துவாரம் மண்ணு மூடிக்கினு கீது, போட்டு எதுவும் கடலுக்குப் போவ முடில. அத்தச் சொல்லு" என்றார். அண்ணன் வெட்கப்பட்டு, பார்க்கணும் என்றார். அக்கா விடுவாரா? தன் வீட்டுக்காரர் படகிலேயே ஏற்றினார். ஏரி கடலோடு சேருகிற இடத்துக்குப் போவதற்குள் படகு மணலில் தட்டி நின்றுவிட்டது.

அண்ணன் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீரில் குதித்து, அவர்களோடு சேர்ந்து தள்ளினார். ஒரு செருப்பைச் சேறு எடுத்துக்கொண்டது. படகு அசைந்தபோது ஒற்றைச் செருப்போடு அவர் சிரித்ததைப் போல அந்தத் தேர்தலில் வேறு எந்த வேட்பாளரும் சிரித்து நான் பார்க்கவில்லை. அக்கா அவரைக் கைகொடுத்து ஏற்றிவிட்டார்.

"ஓட்டு வாங்கிக்கினு போனவங்கோ நெறய பேரு. எறங்கித் தள்ளினது நீ ஒருத்தன்தான் நைனா."

எல்லை தாண்டிய பிரச்சாரம்

ஊத்துக்கோட்டைப் பக்கம் தெலுங்கு நிறையப் பேசுவார்கள் என்று முனுசாமி அண்ணன் எனக்கு நான்கு வரி சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு குறுக்குவழியில் புகுந்து, ஒரு கிராமத்தில் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி, அந்த நான்கு வரியையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஜனங்கள் கூடினார்கள். ஒருவர் மோர் கொடுத்தார். அண்ணன் எல்லோரையும் கும்பிட்டார், ஒரு குழந்தைக்குப் பெயர்கூட வைத்தார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான், மோர் கொடுத்த பெரியவர் நிதானமாகத் தமிழில் சொன்னார்:

"ஆளு நல்லவராட்டம் தெரியறாரு. இது ஆந்திராமா. அடுத்த தபா எங்க பக்கம் நிக்கச் சொல்லு, போட்டுடலாம்."

அண்ணன் டெபாசிட்டை விட்டார், மறுபடி நாற்காலி வாடகைக்குப் போய்விட்டார். ஜனநாயகத்துக்கு நான் என்ன செய்தேனோ தெரியாது, அது எனக்குச் செய்தது இதுதான்: என் வீட்டுக்காரரைச் சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் இப்போது தெருவே எழுந்து வந்து நிற்கிறது.