தறியை நிறுத்தச் சொன்னேன்

அந்த ஒலிப்பதிவு இன்னும் என் செல்போனில் இருக்கிறது. முதலில் விசைத்தறியின் சத்தம், அதற்கடியில் ஒரு பெண்ணின் குரல். பிறகு என் குரல்: "கொஞ்சம் தறிய நிறுத்தும்மா, ஒண்ணும் கேக்கல." அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

கணவனிடம் அடிபடும் பெண்களைப் பற்றிய ஆய்வுக்காகப் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தேன். சாதி, மதம், வேலை, வறுமை எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒருத்தியை எப்படி நெருக்குகின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் நோக்கம். பெரிய நோக்கம்தான்! ஆனால் என் படிவத்தில் வேலையைப் பற்றிய கேள்விகள் முதல் பக்கத்தில் இருந்தன, அடியைப் பற்றியவை நான்காம் பக்கத்தில் இருந்தன. ஒலிப்பதிவில் என்னை அக்கா என்று கூப்பிட்ட அந்தத் தங்கச்சி, கே.ஜி.கண்டிகைப் பக்கம் காலனியில் பிறந்த கிறிஸ்தவப் பெண். வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பத்துப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். பிறந்த வீடு கதவைச் சாத்திவிட்டது. புகுந்த வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூட அவளுக்குத் தனியாக வைத்திருந்தார்கள்.

"தறி ஓடிகினே இருக்கட்டும்கா, நான் பேசறேன்" என்று இரண்டு முறை சொன்னாள். கூலி போய்விடும் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். பத்து நிமிஷம்தானே என்று வற்புறுத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தெருவில் எத்தனை தறி ஓடினாலும், தன் வீட்டுத் தறி நின்றால் முனை டீக்கடையில் இருக்கும் கணவனுக்குத் தெரிந்துவிடும். வந்தான். "இன்னா, தறி நின்னுகினு கீது?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "டீ சொல்லட்டுங்களா மேடம்?" என்றான். அவள் தலை நிமிராமல் தறியை மறுபடி ஓடவிட்டாள். நான் டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது அவள் வலது கையில் மாவுக்கட்டு. தறியில் நாத்தனார் நின்றிருந்தாள். கை உதவாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று மாமியார் தெலுங்கில் சொன்னது எனக்கும் புரிந்தது. என்னைப் பஸ் ஏற்றிவிடும் சாக்கில் அவள் தெருமுனைவரை வந்தாள். "என்னாலதாம்மா" என்று அழுதேன்.

"உங்க மேல கோவம் இல்லக்கா. ஸ்டேசன்ல, நீயா இஷ்டப்பட்டு வந்தவதானேன்றாங்க. சர்ச்சுல, எங்கள வேணான்னு போனவதானேன்றாங்க. நான் எங்க போவட்டும், நீங்களே சொல்லுங்க."

இன்று வகுப்பில், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறேன். அன்று திருத்தணி பஸ் வந்தது. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். அடுத்த முறை போனபோது அவள் அங்கே இல்லை. எங்கே போனாள் என்று அந்தத் தெருவில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.