சம்பூர்ணம் கடைப் பெட்டி

என் மனைவி சிவசங்கரி ஆசைப்பட்டதெல்லாம் ஒரு நாற்காலிக்குத்தான். வேலூரில் அவள் வேலை பார்க்கும் இன்டர்நெட் கம்பெனி ஆபீஸில், ஃபேனுக்கு நேர் கீழே கிடக்கும் நாற்காலி அது. அதில் உட்காருகிறவர் புகார் வந்தால் போனை எடுத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான். ஏணி ஏற வேண்டாம், மலை ஏற வேண்டாம். அதில் இருந்த பெண் கல்யாணமாகி பெங்களூர் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

நான் காசி. கணியம்பாடியிலிருந்து அமிர்தி வழியாக மலை மேலுள்ள ஜமுனாமரத்தூருக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், கோபமும் சட்டென்று வரும். அவள் அப்படியில்லை. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அவளைப் பற்றி அவள் சொல்லப் போவதில்லை என்பதால்தான் நான் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஒரு கேபிள் டிவி ஆபீஸில் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். கேபிள் போய் இன்டர்நெட் வந்தது. மாட்டுகிற பையன்கள் மலைப் பக்கம் என்றாலே ஒவ்வொருவராக நின்றுவிட, ஒருநாள் வேறு ஆளில்லாமல் இவளே ஏணியைத் தூக்கினாள். அன்றைக்குத் தூக்கியதுதான், அதற்கப்புறம் இறக்கி வைக்க யாரும் விடவில்லை. ஆரம்பத்தில் பெண்பிள்ளை ஏணி ஏறுகிறது என்று கடைத்தெருவில் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அதுவும் பழகிவிட்டது. படவேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏணி சறுக்கி விழுந்ததில் வலது முட்டி போயிற்று. போயிற்று என்றால் நடக்கிறாள், ஏறுகிறாள், ஆனால் ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடிக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் தைலத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். எங்கள் வீட்டில் எப்போதும் அந்த வாடைதான்.

அதனால் அந்த நாற்காலியைக் கேட்டாள். மேனேஜர் நவீன்குமார் வயதில் சின்னவர், நல்ல மாதிரி. தருகிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். ஜமுனாமரத்தூரில் கலீல் பாய் கட்டிய கடைவரிசையிலிருந்து புகார் மேல் புகார் வருகிறது, அங்கே ஒரு மாதம் புகாரே வராமல் செய்துவிட்டு வந்து உட்காருங்கள், அதுவரை காலியாக வைத்திருக்கிறேன் என்றார்.

அந்தக் கடைவரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாணியம்பாடிக்காரரான கலீல் பாய் மலையில் புளியும் தேனும் வாங்கி விற்கிறவர். கருங்கல் சுவர் வைத்து வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். முன்பு டிஷ் கம்பிக்காக யாரோ சுவரைத் துளைத்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியதிலிருந்து, சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பி இழுக்க முடியாதென்றால் பெட்டிகள்தான் வழி. முதல் கடையான சாமை அரிசிக் கடைக்கு லைன் வருகிறது. அங்கே ஒரு வெள்ளைப் பெட்டி. அது நடுவிலிருக்கும் பாத்திரக்கடைப் பெட்டிக்குக் காற்றிலேயே இன்டர்நெட்டைக் கொடுக்கும். பாத்திரக்கடைப் பெட்டி கடைசியில் இருக்கும் ராஜேஷின் இ-சேவைக் கடைப் பெட்டிக்குக் கொடுக்கும். இதற்கு மெஷ் என்று பெயராம். கிணற்றடியில் வரிசையாக நின்று குடம் கை மாற்றுவது மாதிரி என்று எனக்கு விளக்கினாள். நடுவில் நிற்கிறவள் கையை விட்டால் கடைசி ஆளுக்குத் தண்ணீர் கிடையாது.

கையை விட்டது நடுப் பெட்டிதான். அது ஆபீஸிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. காலையில் கொஞ்ச நேரம் இருக்காது, மத்தியானம் வந்துவிடும், சாயங்காலம் மறுபடியும் இருக்காது. ராஜேஷ் கடையில் சாதிச் சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் மலைக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் காத்துக் கிடப்பார்கள். அவன் போன் செய்து கத்துவான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது.

சங்கரி உடனே பாத்திரக்கடைக்குப் போன் செய்வாள். கடைக்காரி சம்பூர்ணம் அக்கா தனி ஆள், தங்கமான மனுஷி. பெட்டியில் லைட் எரிகிறதா என்று இவள் கேட்டால், போய்ப் பார்த்துவிட்டு எரிகிறது என்பாள். சரி, நாளைக்கு வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வைப்பாள். மறுநாள் என் ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவில் பின்னால் உட்கார்ந்து வருவாள். முன்சீட்டு காசு கொடுக்கிற ஆளுக்கு என்று அவளே வைத்துக்கொண்ட சட்டம்.

போய்ப் பார்த்தால் பெட்டி பளிச்சென்று துடைத்து வைத்தபடி, கதவுக்கு மேலுள்ள பலகையில் இவள் வைத்த இடத்தில் வைத்த மாதிரியே இருக்கும். நெட் ஓடும். ராஜேஷே பல்லைக் காட்டுவான். இவள் இருக்கிற வரைக்கும் ஒரு குறையும் தெரியாது. பெட்டியை மாற்றிப் பார்த்தாள். பிளக்கை மாற்றினாள். ஏணி மேல் ஏறி அந்த முட்டியை மடக்கி உட்கார்ந்து மணிக்கணக்கில் போனை வெறித்தாள். சம்பூர்ணம் அக்கா கீழே நின்று பதறிக்கொண்டு, காப்பி போட்டுக் கொடுப்பாள். இவள் இறங்கும்போது தோளைக் கொடுப்பாள். நாங்கள் அமிர்தி தாண்டுவதற்குள் ராஜேஷிடமிருந்து போன் வரும்.

ஒருமுறை அப்படிப் போன் வந்தபோது ஜீப்பை ஓரங்கட்டி, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய் நில்லேன், அப்போதுதானே தெரியும் என்றேன்.

“தனியா இருக்கிற பொம்பள. திடீர்னு போயி நின்னா நம்மள வேவு பாக்க வந்துட்டாளேன்னு நெனைக்க மாட்டாங்களா? போன் பண்ணினு போறதுதாங்க மரியாத” என்றாள்.

மரியாதையாவது மண்ணாவது என்று நான் கத்தினேன். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. கோபமோ அழுகையோ இருந்தால் பரவாயில்லை. ஒன்றுமே இல்லை. சோர்ந்துபோன முகத்தில் அப்படித்தான் ஒன்றுமே இருக்காது போலிருக்கிறது.

புரட்டாசி கழிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். என் ஜீப்பில் வாடிக்கையாக வரும் ஒருவர் மகளுக்கு மலை மேலே நிச்சயதார்த்தம். குடும்பத்தோடு வர வேண்டும் என்று வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தார். சங்கரி லீவு போட்டாள். பட்டுப்புடவை, தலையில் பூ. தோள்பையும் ஏணியும் இல்லாமல் அவளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நான் கிண்டல் செய்தேன், அவளும் சிரித்தாள். போனைக்கூட கைப்பைக்குள் போட்டு மூடிவிட்டாள். காலையில் ஜமுனாமரத்தூர் போன பிறகுதான், வெறுங்கையோடு எப்படிப் போவது, பெண்ணுக்கு ஏதாவது பாத்திரம் வாங்கலாம் என்றாள். பாத்திரம் என்றால் சம்பூர்ணம் அக்கா கடைதான்.

வேலையாகப் போகவில்லை. அதனால் போன் செய்ய வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

எங்களைப் பார்த்ததும் சம்பூர்ணம் அக்கா எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. வா கண்ணு என்று வாய் சொல்கிறது, கண் மட்டும் மேலே பலகைக்குப் போய்ப் போய் வருகிறது. சங்கரி அதைக் கவனிக்கவில்லை, அன்றைக்குப் பெட்டி நினைப்பே அவளுக்கு இல்லை. நிதானமாக ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தாள். எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் கதவுக்கு மேலே, பலகையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய எவர்சில்வர் குண்டானைக் காட்டி, அதை எடுங்கள் என்றாள்.

அது விற்கிறதற்கில்லை என்றாள் சம்பூர்ணம் அக்கா. ஏன் என்றதற்கு ஒடுங்கியிருக்கிறது என்றாள். பிறகு வேறு யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள் என்றாள். ஒரே மூச்சில் இரண்டு பொய். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நான்தான் உயரம், எட்டி அந்தக் குண்டானைத் தூக்கினேன். அடியில் வெள்ளைப் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

நெட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஜீப் கேபினுக்குள் இரும்பு டப்பாவில் போட்ட போனுக்குச் சிக்னல் கிடைக்காது என்கிற அளவுக்குத் தெரியும். எத்தனை தடவை இந்த மலையை ஏறினாள் என்று நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்துவிட்டேன். சங்கரி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“எதுக்குக்கா மூடி வச்சீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

சம்பூர்ணம் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீதானே கண்ணு ஆரும் தொடக்கூடாதுன்னு சொல்ட்டுப் போன. இங்க காலையிலயும் சாயங்காலமும் கொரங்குத் தொல்ல. ஒரு தபா அந்தப் பலக மேலயே ஏறி ஒக்காந்துனு இருந்துச்சி. அது பொட்டிய இழுத்துப் போட்டு ஒடச்சா, மறுபடியும் அந்தக் கால இழுத்துனு நீதானே வரணும்? ஒனக்கு இன்னொரு தபா அலைச்சல் வேணாம்னுதான் மூடி வச்சேன். மத்தியானம் எடுத்துருவேன், நீ வர்றேன்னு போன் பண்ணா அன்னிக்கு மூடாம, தொடச்சி வைப்பேன். நான் தொட்டது தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவியேன்னு.”

லைட் எரிகிறதா என்று கேட்டபோதெல்லாம் குண்டானைத் தூக்கிப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். எரிந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை.

சங்கரி விழுந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்து, கடைக்கு வெளியே புளி காய வைத்திருந்த இடத்திலிருந்து ஒரு மூங்கில் கூடையைக் கேட்டு வாங்கி வந்தாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி, பெட்டி மேல் கூடையைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டினாள். மூங்கில் சிக்னலை மறைக்காது, இதை எப்போதும் எடுக்க வேண்டாம், நான் வந்தாலும் எடுக்க வேண்டாம் என்றாள். சம்பூர்ணம் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். குண்டானை நிச்சயதார்த்தப் பெண்ணுக்குக் கொடுத்தோம்.

ஆபீஸில் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, பெட்டியின் மறைப்பைச் சரி செய்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். குண்டான் கதை வெளியே வந்தால் ஆபீஸ் முழுக்க அந்த அக்காவைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்றாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அதற்கப்புறம் அந்தக் கடைவரிசையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. கூடை மேல் குரங்கு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று என்று சம்பூர்ணம் அக்கா என்னிடம் ஒருநாள் சொன்னாள். சங்கரி மாதம் முடியக் காத்திருந்தாள். ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போக இரண்டு புடவைக்கு ஃபால்ஸ் தைத்தாள். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்று பக்கத்து வீட்டில் விசாரித்து வைத்தாள். தைல பாட்டில் காலியானபோது புதிதாக வாங்கச் சொல்லவில்லை.

மாதம் முடிந்த மறுநாள் காலையில் நவீன்குமார் போன் செய்தார். சங்கரி சோறு கட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். யாராலும் கண்டுபிடிக்க முடியாத பழுதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், மேலிடத்தில் உங்களைத்தான் பேசுகிறார்கள் என்றார்.

“மலையில இப்படி வேலை பாக்க நம்மகிட்ட வேற ஆள் இல்லைங்க மேடம். உங்கள நாற்காலியில உட்கார வச்சா கம்பெனிக்குத்தான் நஷ்டம். அந்தச் சீட்டுக்கு வேலூர்ப் பொண்ணு ஒண்ண போட்டுட்டோம். நெல்லிவாசல் பக்கமும் புதுசா கடைங்க வருது, அதையும் நீங்களே பாத்துக்கங்க.”

குண்டானைச் சொல், ஒரு குண்டானைத் தூக்கினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை என்று சொல், எந்தப் பையனும் தூக்குவான் என்று சொல் என அவளிடம் சைகையில் மன்றாடினேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. சரிங்க சார் என்று சொல்லிப் போனை வைத்தாள். சோற்று டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி எடுத்து மூடினாள்.

பிறகு ஃபால்ஸ் தைத்த புடவைகளை மடித்துப் பீரோவில் வைத்தாள். மூலையில் சாத்தியிருந்த ஏணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நெல்லிவாசலுக்கு உங்க ஜீப்பு போவாதே” என்றாள்.

அது என் தடமில்லை. திருப்பத்தூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும், அந்தப் பக்கத்து ஜீப்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவளுக்கும் அது தெரியும்.

“போவும்” என்றேன். ஏணியை எடுத்துக்கொண்டு போய் ஜீப் மேலே கட்டினேன். பின்னால் ஏறப் போனவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து முன்சீட்டில், காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டு உட்கார வைத்தேன். அன்றைக்கு அந்த சீட்டுக்கு வேறு யாரையும் ஏற்றவில்லை.