வழியில் வைக்காத பை

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு இலையுதிர் காலத்தில், புதர்மேட்டையும் காட்டையும் கடந்து செல்லும் ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவில்தான் தையற்காரி அவரை முதன்முதலாகக் கண்டாள். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருவரும் பின்தங்கிவிடாமல் கடைசி ஆளாக நடப்பது அவர் பொறுப்பு. ஆகையால் எல்லாரும் அவரை 'வால்' என்றே அழைத்தனர்.

"யாராச்சும் ஒதுங்கணும்னா பையை வழியிலேயே வச்சிட்டுப் போங்க. பையைப் பாத்தா வால் அங்கேயே நிப்பாரு," என்றாள் வழிகாட்டிப் பெண்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்று தையற்காரி சீண்டினாள்.

"காலுல வேர் விடற வரைக்கும் நிப்பேம்மா."

காட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்கே ஒதுங்க வேண்டியிருந்தது. சிவப்புப் பையை நடுவழியில் வைப்பது தண்டோரா போடுவதாகுமே என்று கூசினாள். வால் குனிந்து காலணிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்த சமயம் பார்த்து, பையோடு மரங்களுக்கிடையே நழுவினாள். திரும்பி வந்தபோது பாதையில் ஒருவரும் இல்லை. தானாக வழி தேடிப் போய், மேலும் தொலைந்தாள்.

பொழுது சாயும் வேளையில் சதுப்பின் ஓரத்தில் அவளைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அவருக்கு இடுப்புவரை சேறு, மேற்சட்டை கிழிந்திருந்தது, கூவிக் கூவிக் குரல் கம்மிவிட்டது.

"கிடைச்சிட்டீங்களேம்மா, அது போதும்."

குழு வந்த வண்டியருகே வழிகாட்டிப் பெண் பொரிந்து தள்ளினாள். "பையை வழியில வச்சீங்களா, இல்லையா?"

எல்லாக் கண்களும் தையற்காரியின் மேல் மொய்த்தன. "வச்சிட்டுத்தான் போனேன்," என்று வாய் முந்திக்கொண்டது.

வால் அவளைப் பார்த்தார். அவள் தன் காலணியைப் பார்த்தாள்.

"பை கிடக்கறதுகூடத் தெரியாம தாண்டி வந்திருக்கீங்களேண்ணே! இனிமே நடுவுல நடங்க," என்று வழிகாட்டிப் பெண் அவர் பக்கம் திரும்பினாள்.

"சரிம்மா," என்றார்.

அதன் பிறகும் அவர் நடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். நடுவில் நடந்தாலும், பழக்கதோஷத்தால் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பார். "பஸ்ஸு கண்ணாடியை வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா வாலு?" என்று யாரேனும் கேலி செய்வர். குழு சிரிக்கும், அவரும் சிரிப்பார். ஒருமுறை தையற்காரியும் சேர்ந்து சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

கிழிந்த மேற்சட்டையை அவளே வாங்கி, தையல் தெரியாதபடி தைத்துக் கொடுத்தாள். அவர் தடவிப் பார்த்து மெச்சினார். மழையில் ஓடிவந்த ஒரு பள்ளிச் சிறுமிக்காகப் பேருந்தைப் பின்னோக்கி நகர்த்தி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையையும் சொன்னார். "யாரையும் விட்டுட்டு வந்ததில்லைம்மா," என்று முடித்தபோது அவள் ஊசிப்பெட்டியை மூடுவதில் மும்முரமானாள்.

சில ஆண்டுகளுக்குப் பின், அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, திராட்சையோடு பார்க்கப் போனாள். மூச்சு வாங்கியது அவருக்கு. பழத்தைக் கழுவியவள் திரும்பாமலே சொன்னாள்: "அன்னிக்கு நான் பையை வைக்கலை."

"தெரியும்மா."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்வீங்கன்னு நின்னுட்டிருந்தேன்."

அவர் கட்டிலோரத்தில் கையூன்றிச் சற்றே எழுந்து, கடைசியாக ஒன்று கேட்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கறப்போ அதைச் சொல்லிடுங்கம்மா. வால் எந்தப் பையையும் தாண்டிப் போகலைன்னு."